அண்ணன் காலைப் படம் எடுத்தார்கள்

அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்த அண்ணனுக்குக் காலில் ஆறாத புண். புது மருந்தைச் சோதித்துப் பார்க்கிறவர்கள் வாராவாரம் எங்கள் ஊர் விக்கிரமங்கலத்துக்கு வந்து, டிஜிட்டல் கேமராவில் புண்ணைப் படம் எடுத்துப்போவார்கள். திருச்சியில் இருந்த டாக்டர் படத்தை மட்டும்தான் பார்ப்பார்.

படம் என்றால் எங்கள் வீட்டில் பவுடர் பூசாமல் யாரும் நிற்க மாட்டோம். அண்ணன் புண்ணைச் சுற்றிக் கறுத்திருந்த தோலிலும் பூசிக்கொண்டான்.

“காலுக்கு எதுக்குடா பவுடரு? பொண்ணு வூட்டுக்காரங்களா வராங்க?” என்று அம்மா சிரித்தாள்.

“டாக்டரு பாக்குறதும்மா. அசிங்கமா இருந்தா என்ன நெனைப்பாரு?”

படம் எடுக்க வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“நாத்தம் கூடிப்போச்சுங்க சார். காலும் நெருப்பா கொதிக்குது” என்றேன்.

“அதெல்லாம் படத்துல வராதும்மா. நான் படத்தத்தான் அனுப்ப முடியும்.”

கறுப்பு போய் ஓரம் வெளுத்திருக்கிறது, புண் ஆறுகிறது, அதே மருந்தைப் போடுங்கள் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். நம்பிப் போட்டோம். விஷம் ரத்தத்தில் ஏறி அண்ணன் செத்துப்போனான்.

அந்த டாக்டர் ஒருமுறை வந்து காலைத் தொட்டிருந்தால் போதும். தினமும் இதைத்தான் நினைக்கிறேன். அதற்கு மேல் எனக்கு எதுவும் ஓடவில்லை.