புதன்கிழமைச் சைவம்

போன வருடம் மாசி மாதம். டொராண்டோவில் பனி கொட்டிக்கொண்டிருந்த நேரம் நானும் என் கணவரும் வியட்நாமுக்குச் சுற்றுலா போயிருந்தோம். கடைசியாகத் தங்கியது டாலாட் என்ற மலைநகரத்தில். இலங்கை நுவரெலியா மாதிரிக் குளிர், பார்க்கிற பக்கமெல்லாம் முட்டைக்கோவாவும் கரட்டும் பூந்தோட்டமும். ஒரு புதன்கிழமை காலை அங்கே ஒரு சின்னக் கடையில் ஃபோ என்கிற அந்த ஊர் நூடில்ஸ் சூப் குடித்தேன். அவ்வளவு ருசியாக நான் எதையும் சாப்பிட்டதில்லை. அதை ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தபோது டொராண்டோப் பக்கம் ஸ்காபரோவில் என் அக்கா இறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. எதிரே இருந்த என் கணவருக்கு அது தெரியும். எனக்குத் தெரியாது.

அக்காதான் என்னைக் கனடாவுக்குக் கூப்பிட்டவர். வந்த புதிதில் பார்க்டேலில் ஒற்றை அறை வீட்டில் அவரோடுதான் கிடந்தேன். ஃபோவை எனக்குப் பழக்கியதும் அவர்தான். வேலை முடிந்து வரும்போது, "வாடி, உந்தக் கடையில சூப்பைக் குடிச்சிட்டுப் போவம், இனி வீட்டை போய் ஆர் சமைக்கிறது" என்று இழுத்துக்கொண்டு போவார். பிறகு கல்யாணம், பிள்ளைகள் என்று நான் தள்ளியிருக்கிற விட்பிக்குப் போய்விட்டேன். ஆனாலும் நாங்கள் இரண்டு பேரும் போனில் கதைக்காமல் ஒரு நாளும் போனதில்லை. கதைப்பது என்ன, பாதி நேரம் சண்டைதான்.

அன்று காலை நான் குளித்துவிட்டு வர, இவர் போனைக் கையில் பிடித்தபடி கட்டில் விளிம்பில் இருந்தார். முகம் பேயறைந்த மாதிரி.

"என்னப்பா?" என்றேன்.

"ஒண்டுமில்லை, வயிறு சரியில்லை. வாரும், முதல்ல போய்ச் சாப்பிடுவம்."

வயிறு சரியில்லாத ஆள் எதற்குச் சாப்பிட அவசரப்படுகிறார் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. இன்சுலின் ஊசியையும் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். எனக்குச் சீனி வருத்தம், ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும்.

கடையில் நான் கோழி ஃபோ சொல்லுவோம் என்றேன். இவர் கேட்கவில்லை. போனில் ஏதோ எழுதி, மொழிபெயர்த்து, கடைக்காரப் பெண்ணிடம் காட்டினார். அந்தப் பெண் வாசித்துவிட்டு என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன காட்டினீங்கள்?"

"சைவம் கேட்டனான்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நல்லூர்க் கோயிலில் கொடி ஏறி எங்கள் சனமெல்லாம் சைவமாக இருக்கிற நாளிலும் காருக்குள் இருந்து இறைச்சிக் கொத்துரொட்டி தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் வருகிற மனிதர் இவர். "வெள்ளிக்கிழமையே சைவம் இல்லாத ஆளுக்குப் புதன்கிழமையில சைவமோ! வியட்நாமுக்கு வந்துதான் ஞானம் பிறக்க வேணுமெண்டு இருந்ததோ?" என்று வாட்டி எடுத்தேன்.

அந்தப் பெண் என்னை அடுப்புப் பக்கம், சூடான இடத்தில் கொண்டுபோய் இருத்தினார். கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி வந்து வைத்தார். கறுவாப்பட்டையும் அன்னாசிப்பூவும் மணக்கிற தெளிந்த சூப், அதற்குள் காளான், டோஃபு, முள்ளங்கி. பக்கத்தில் ஒரு தட்டு நிறையப் பச்சை இலைகளும் முளைப்பயறும் பிழிந்துவிடத் தேசிக்காயும். ஐயோ, அந்தக் குளிருக்கு அது தொண்டையால் இறங்கின சுகம்! இறைச்சி இல்லை என்ற நினைப்பே வரவில்லை.

"பொறுங்கோ, அக்காவுக்குக் காட்டி எரிச்சலைக் கிளப்பவேணும்" என்று வீடியோ கோல் எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது.

"அங்க இப்ப இரவு. படுத்திருப்பா" என்றார் இவர்.

"ஏழு மணிக்கு அவ படுக்கிறதோ! நாடகம் பாத்துக்கொண்டிருப்பா."

இவர் எழுந்து வெளியே போய்விட்டார். வயிற்றுக்குத்து, பாவம் என்று நினைத்தேன். சூப்பைப் படம் எடுத்து, "உனக்கு இல்லை" என்று எழுதி அக்காவுக்கு அனுப்பினேன். கடைக்காரப் பெண் வந்து இன்னும் இரண்டு அகப்பை ஊற்றிவிட்டு என் முதுகைத் தடவினார். நல்ல சனம் என்று சந்தோஷப்பட்டேன்.

ஹோட்டலுக்குத் திரும்பி அறைக் கதவைச் சாத்திய பிறகுதான் சொன்னார்.

"அக்கா மோசம் போயிட்டா."

நெஞ்சு நோகிறது என்றவராம். அம்புலன்ஸ் வருமுன்னமே எல்லாம் முடிந்துவிட்டதாம். என் மகள்தான் விடிய முன்னம் இவருக்குப் போன் எடுத்துச் சொல்லியிருக்கிறாள். அழுகை வரமுதல் எனக்கு வந்தது கோபம்தான்.

"எல்லாம் தெரிஞ்சுகொண்டோ என்னைச் சிரிக்க விட்டனீங்கள்?" என்று கத்தினேன்.

"சொல்லியிருந்தா நீர் பச்சைத் தண்ணியும் வாயில வைச்சிருக்க மாட்டீர். அம்மாவின்ர செத்தவீட்டில விழுந்தது மறந்துபோச்சோ? இனி எவ்வளவு தூரம் போகவேணும்!"

உண்மைதான். அம்மா இறந்தபோது பட்டினி கிடந்து, சீனி இறங்கி, பெட்டிக்குப் பக்கத்திலேயே மயங்கி விழுந்தவள் நான். ஆனால் அந்த நேரத்தில் அதெல்லாம் காதில் ஏறவில்லை. கடையில் இவர் போனில் எழுதிக் காட்டியது இதைத்தான் என்று அப்போது விளங்க, முன்பின் தெரியாத கடைக்காரிக்குக்கூடத் தெரிந்த என் அக்காவின் சாவு எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று நெஞ்சு கொதித்தது. சைகோன் போகும்வரை இவரோடு ஒரு சொல் பேசவில்லை.

பெரிய விமானத்தில் ஏறிய பிறகு சாப்பாட்டு வண்டி வந்தது. கோழியா, பாஸ்டாவா என்று கேட்டார்கள். எனக்குத் திடுக்கென்றது. எங்கள் குடும்பத்தில் ஒரு சாவு விழுந்தால் அந்த நிமிடத்திலிருந்து மச்சம் இல்லை. மீனோ இறைச்சியோ முட்டையோ நாக்கில் படக்கூடாது. அக்கா கட்டையாகக் கிடக்கும்போது நான் மச்சம் தின்றிருந்தால்? காலையில் கோழிதானே கேட்டேன்? இவர் சைவம் கேட்டிருந்தாலும், அந்தச் சூப்பை எலும்பிலோ மீனிலோ கொதிக்கவைத்திருந்தால்? அதை இவரிடம் கேட்டேவிட்டேன். இவர் என் கையைப் பிடித்தார்.

"பயப்பிடாதையும். நீர் குடிச்சது தனிச் சைவம். அவையள் சூப்புக்கு விடுற மீன் தண்ணியும் விடவேண்டாமெண்டு அந்தப் பிள்ளைக்குக் காட்டினனான்."

அப்போதுதான் ஓவென்று அழுதேன். பக்கத்துச் சீற்றுகளில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இவரும் அழுதார். அன்று விடிந்ததிலிருந்து இவர் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அந்த நேரம்தான் எனக்கு உறைத்தது. பாஸ்டாவை வாங்கி இரண்டு பேரும் பகிர்ந்து சாப்பிட்டோம்.

அக்காவைக் கடைசியாகப் பார்க்க நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு வருடம் ஓடிவிட்டது. இவர் செய்தது சரியா, பிழையா என்று என்னால் இன்னும் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. நன்றியும் இருக்கிறது, அந்தக் கோபமும் முழுதாகத் தீரவில்லை. "இனி ஆருக்கு என்ன நடந்தாலும் உடன சொல்லிப்போடவேணும்" என்று சத்தியம் வாங்கினேன். "ஓம்" என்றார். சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

இப்போது நான் வேலையால் களைத்து வரும் நாட்களில் இவர்தான் சோறு போட்டுத் தருவார். வாங்கியதும் நான் முதலில் குழம்பைக் கிளறி மீன் துண்டைத் தேடுகிறேன். அது கண்ணில் பட்ட பிறகுதான் எங்கள் ஆட்கள் எல்லோரும் இன்றைக்கு உயிரோடு இருக்கிறார்கள் என்று மனம் ஆறிச் சாப்பிடத் தொடங்குகிறேன்.