முஹைதீனின் பனி

பொதிமாட்டின் முதுகில் ஒரு கையும் இடுப்பில் ஒரு கையுமாக நின்று, மலையேற வந்தவர்களை முஹைதீன் மடக்கிவிடுவார். ஹந்தானை மலைச் சரிவில் வெள்ளையாக இறங்கிக்கொண்டிருப்பதைத் தாடியால் சுட்டி, "ஒங்கட ஊர்ல இதுக்கு என்னண்டு செல்ற?" என்பார். பதில் வாங்காமல் ஆளை விடமாட்டார்.

கண்டியிலிருந்து தெல்தோட்டைக் கோப்பித் தோட்டங்களுக்கு அரிசி ஏற்றிப் போவதும், இறங்கும்போது கோப்பிக்கொட்டை சுமந்து வருவதும்தான் அவருக்குத் தொழில். ஆனால் மாடுகளைவிட அவர் அதிகம் மேய்த்தது பனி என்ற இந்த ஒரு சொல்லைத்தான். சிங்களத்தார் 'மீதும' என்றார்கள். திருநெல்வேலிக்காரர் ஒருவர் மஞ்சு என்றார். எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, மறுபடி பனியிலேயே வந்து நிற்பார்.

கோப்பிக் கிட்டங்கியின் கணக்கப்பிள்ளை சுந்தரலிங்கம், யாழ்ப்பாணத்தவர், அவருக்கு வாய்த்த எதிரி. "பனியெண்டால் முதல்ல புல்லு நுனித் தண்ணிதான் காக்கா. கண் பனிச்சதெண்டு சொல்லுறது அதைப் பாத்துப் பிறகு வந்தது" என்பார், அவரை அண்ணன் முறை வைத்து. முஹைதீன் ஒப்பமாட்டார். "இல்ல கணக்கப்புள்ள, நடுக்கந்தான் மூத்தது. ஒடம்பு பனிக்கிதுண்டு பழைய ஆக்கள் செல்ற இல்லயா? நடுங்க வைக்கிறதாலதான் அதுக்குப் பனிண்டு பேரு." ஆதாரம் கேட்டால், குளிரில் கிடுகிடுக்கும் தன் பற்களைக் காட்டுவார். வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. தீர்ப்பில் இருவருக்குமே ஆசை இல்லை.

ஒரு மாசியில், மதுரைப் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்த கூட்டமொன்று அவருடைய மாடுகளோடு சேர்ந்து ஏறியது. தோட்டத்தை நெருங்கும் கடைசி வளைவில் பாதையே வெள்ளைக்குள் போய்விட்டது. ராக்கம்மா என்ற பெண் மட்டும் அடியெடுத்து வைக்க மறுத்து நின்றாள். முஹைதீன் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"பொகை" என்றாள் அவள். "காடு எரியுது. எங்க வீட்டு ஆளு அங்கனதான இருக்காக."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கோப்பி நடுவதற்காகக் கொளுத்திய காடுகளை வழியெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தவள். அவள் ஊரில் பனி என்பது விடியற்காலைப் புல் ஈரம், அவ்வளவுதான். முன்னால் வேலைக்குப் போன புருஷன் நெருப்பில் சிக்கிவிட்டான் என்றே முடிவுகட்டிவிட்டாள், பாவம்.

முஹைதீனுக்கு அன்று சொல்லாராய்ச்சி வரவில்லை. "மாட்டு முதுகத் தொட்டுப் பாரு தங்கச்சி. பொகைண்டா நனையுமா?" என்றார்.

தொட்டாள். உள்ளங்கை ஈரமாயிற்று. ஆனாலும் முகம் தெளியவில்லை.

"அப்ப அவுக நல்லாருக்காகளா?"

"பேரச் செல்லு, கூப்பிட்டுப் பாப்போம்."

புருஷன் பேரை அவள் எப்படிச் சொல்வாள்? தலையைக் குனிந்துகொண்டு, முன்னால் நின்ற கறுத்த மாட்டைக் காட்டினாள்.

"கறுப்பனா? கறுப்பையாவா?"

இரண்டாவதுக்குத் தலை அசைந்தது.

வாயருகே கை குவித்து, "கறுப்பையோவ்" என்று முஹைதீன் அடிவயிற்றிலிருந்து கூவினார். பதில் வந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. முன்மாடு தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது, அதன் கழுத்து மணி எல்லாவற்றையும் விழுங்கியது. அதை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு மறுபடி கூவினார்.

"யாரது? இந்தா வாரேன்" என்று மேலேயிருந்து மெல்லிய குரலொன்று வந்தது. ராக்கம்மா மூச்சடக்கி அந்தத் திக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரலுக்குரிய ஆள் அவள் கண்ணில் படும்வரை, முஹைதீன் அந்த மணியைக் கைக்குள் பொத்தியே வைத்திருந்தார்.