மிதவையைப் பிடித்த வளையம்

எரிந்த எண்ணெயும் சூடான இரும்பும் கலந்த நெடி எத்தனை முறை துவைத்தாலும் அப்பாவின் சட்டையை விட்டுப் போகாது. பெரியநாயக்கன்பாளையத்தில் வீட்டை ஒட்டி ஒற்றை லேத்தை வைத்து அவர் நடத்திய பட்டறைக்கு, நான் எட்டாம் வகுப்புப் படித்த வருஷம், பம்புசெட் சாமான்களுக்கு நடுவே வங்காள விரிகுடாவும் வந்து சேர்ந்தது. கடலின் சூட்டையும் அலையின் உயரத்தையும் நீரோட்டத்தையும் அளந்து செயற்கைக்கோளுக்கு அனுப்பும் மஞ்சள் மிதவை ஒன்றை நங்கூரக் கயிற்றோடு இணைக்கும் எஃகு வளையத்தை அவர் செய்து கொடுத்திருந்தார். அவ்வளவுதான். அன்றிலிருந்து வானிலைச் செய்தியில் "வங்கக் கடலில்" என்ற சொல் விழுந்துவிட்டால் வீட்டில் ஒருவரும் தட்டைக்கூட நகர்த்தக் கூடாது.

"ஏனுங்க, கடலு நம்மூட்டுக்குள்ளயா வரப்போவுது? சோறு ஆறுதுங்க" என்று அம்மா சலித்துக்கொள்வார். நானும் சேர்ந்து சலித்துக்கொள்வேன். மூவரில் ஒருவர்கூடக் கடலைக் கண்ணால் பார்த்ததில்லை.

ஐப்பசியில் ஒரு புயல் கரையைக் கடந்த வாரத்தில் மிதவையிடமிருந்து தகவல் நின்றுபோனது. வளையம் உடைந்ததால்தான் மிதவை காணாமல்போனது என்று, வளையத்தைப் பார்க்காமலேயே, மிதவையை விட்ட அலுவலகம் அப்பாவுக்குக் கடிதம் எழுதியது. அதன்பிறகு அவருக்கு எந்த வேலையிலும் கை ஓடவில்லை. யார் என்ன கேட்டாலும், "அது ஒடையாதுங்க" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

கார்த்திகைக் கடைசியில் தகவல் வந்தது. சென்னைக்கு நேர் கிழக்கே நின்ற மிதவையைக் கோடியக்கரைப் பக்கத்து மீனவர்கள் கரைக்கு இழுத்து வந்திருந்தார்கள். கோடையில் கரையோரமாக வடக்கே ஓடும் நீரோட்டம் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கியதும் தெற்கே திரும்பிவிடுமாம். அதுதான் அத்தனை தூரம் தள்ளிக்கொண்டு வந்ததாம். அப்பாவைத் தனியே விட மனமில்லாமல் அம்மா என்னைத் துணைக்கு அனுப்ப, பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம்.

ஓலைக் கொட்டகையில் பாசியும் சிப்பியும் ஒட்டிச் சாய்ந்து கிடந்தது மிதவை. அதன் அடியில் அப்பாவின் வளையம் ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. வளையத்திலிருந்து தொங்கிய ஒரு முழக் கயிற்றின் நுனி, கத்தி பட்டதுபோல் நேராக அறுந்திருந்தது. "மிதவைக்குக் கீழ மீன் கூடும்ல, அதுல படகக் கட்டுவாங்க. வலை சிக்கிக்கிட்டா எவனாவது கயித்த அறுத்து விட்ருவான்" என்றார் அதை இழுத்து வந்த மீனவர்.

அப்பா, மிதவையைப் பார்க்க அந்த அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரியிடம் போனார். "சார், வளையம் முழுசா இருக்குதுங்க. அதை மட்டும் ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க."

"அதான் நீங்களே பாத்துட்டீங்களே. கிளம்புங்க."

"பாத்தாப் பத்தாதுங்க சார். எழுதணுங்க."

அந்த மனிதர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். நூறடி தள்ளிக் கடல் இரைந்துகொண்டிருந்தது. அதையாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சு கண்ணு" என்று திரும்பியும் பாராமல் நடந்தார். திருச்சி தாண்டும்வரை பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். அதிகாரியின் மேல் இருந்த கோபத்தைவிட அப்பாவின் மேல்தான் அதிகம் இருந்தது.

அந்த ஒரு வரி கடைசிவரை வரவில்லை. அவரும் அதன்பிறகு கடலுக்காக எதுவும் செய்யவில்லை. பட்டறை இருந்த இடத்தில் இப்போது கார் கழுவுகிறார்கள். காந்திபுரம் சிக்னலில் நின்றபடியே கடலின் சூட்டையும் அலையின் உயரத்தையும் போனில் பார்த்துவிடுகிறேன்.

போன புயலின்போது, ஒரு மிதவை இரண்டு நாளாக எதுவும் அனுப்பவில்லை என்று போனில் படித்ததை வாய்தவறி அப்பாவிடம் சொல்லிவிட்டேன். காது மந்தமான மனிதர், கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"வளையம் ஆரு செஞ்சது?"

"தெரியலீங்கப்பா."

"அந்த ஆளுக்கு ஒரு போனைப் போடு கண்ணு. அது ஒடைஞ்சிருக்காதுன்னு சொல்லு."

யாரென்று தேடுவது? எரிச்சலோடு "செரிங்கப்பா, சொல்லிப்போடறேன்" என்றேன். சொல்லிவிட்டேனா என்று இன்று காலையிலும் கேட்டார்.