பட்டாபிஷேகத்துக்குப் பிறகு ஓர் அத்தியாயம்

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. எழுத்து கோணும்; நேற்றுக் கேட்டது இன்று மறக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பெண் பாங்கில் வேலை பார்த்தாள். முப்பது தாண்டியும் குழந்தைகளுக்கான இங்கிலீஷ் மாயக்கதைகளை விடவில்லை. ஆற்றுக்கு அடியில் ஒரு நாடு; அங்கே ஆமைகள் மந்திரிகள். கரையில் துணி துவைக்கிறவளின் மகள் முங்கி முங்கி அங்கே போய்வருவாள். இதே கதை புத்தகம் புத்தகமாக வந்துகொண்டிருந்தது. கரமனையில் எங்கள் வீட்டுக்கு ஆறு பக்கத்திலேயே இருப்பதால் நம்ப எனக்கும் சிரமமில்லை. நான் சேனை நறுக்கும்போது கூட உட்கார்ந்து தமிழில் சொல்லுவாள்.

"மேனேஜராகப் போறவ ஆமைக்கதை படிக்கறா" என்று அவள் அப்பா கேலி செய்வார்.

"அப்பாக்குக் கண்ணு பேப்பர்ல, காது இங்கே. பாரேன் அம்மா" என்பாள்.

கடைசிப் புத்தகத்துக்குக் கிழக்கேகோட்டைக் கடையில் சொல்லி வைத்திருந்தாள். அதற்குள் சீக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, "அந்தப் பொண்ணு கடைசியிலே அம்மாகிட்டே வந்துடுவாளா?" என்று கேட்டாள்.

"வராம எங்கே போவா" என்றேன்.

அவள் போய், காரியங்கள் எல்லாம் ஆன பிறகு, கடைக்காரர் அவள் போனுக்கே கூப்பிட்டார். புத்தகம் வந்திருக்கிறதாம். இவர் போய் வாங்கி வந்தார். "பாராயணத்தைப் பாதியிலே விடப்படாது. அவளுக்காக நாம முடிப்போம்" என்றார். மத்தியானம் சாப்பிட்டு, அவள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து வாசித்து, தமிழில் சொல்லுவார். அந்தப் பெண் ஆற்றடி நாட்டுக்கு ராணியான அன்று புத்தகத்தை மூடிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மங்களம். பாயசம் வை" என்றார்.

"அம்மாகிட்டே வந்தாளா?"

"ராணின்னா எப்ப வேணா வரலாமே."

பாயசம் வைத்தேன்.

பிறகு ஒருநாள் அவளோடு பாங்கில் வேலை பார்த்த சிநேகிதி வந்தாள். எங்கள் தெருப் பெண்தான். நான் பட்டாபிஷேகத்தைச் சொன்னதும் அவள் முழித்தாள்.

"அதோட தீரலையே மாமி. இன்னும் ஒரு அத்தியாயம் இருக்கே!"

நான் இவரைப் பார்த்தேன். இவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"பட்டாபிஷேகத்துக்கு மேலே நம்மாத்துல என்னிக்கு வாசிச்சிருக்கோம்?" என்றார். அது வாஸ்தவம். எங்கள் வீட்டில் ராமாயணப் பாராயணம் அங்கே நின்றுவிடும். மேலே இருக்கிற துக்கத்தை வீட்டுக்குள் வாசிப்பதில்லை.

"மாமா சென்சார் போர்டாக்கும்!" என்று சிரித்தவள், சட்டென்று நிறுத்தினாள். "எனக்கும் அந்த முடிவு ஒட்டும் பிடிக்கலை மாமி, துளிக்கூட. பாங்குல அதுக்கு ஒரு சண்டையே நடந்துது. வளர்ந்தா பிரிஞ்சுதானே ஆகணும், சரியாத்தான் எழுதியிருக்குங்கறா ஒருத்தி. பின்னே எதுக்கு அத்தனை புஸ்தகமும் அம்மா கூப்பிட்டப்பல்லாம் வந்தாளாம்?"

"வாசி" என்றேன்.

இவர் எழுந்து வாசல் பக்கம் போனார். செருப்புப் போடுகிற சத்தம் கேட்கவில்லை.

சிநேகிதி வாசித்துத் தமிழில் சொன்னாள். ராணி கரையிலேயே தங்கினால் அந்த நாடு வற்றிவிடும். அதனால் ஒரே ஒரு தடவை, சொல்லிக்கொண்டு போக வருகிறாள். அம்மா ஈரக்கையோடு நிற்கிறாள். "சாப்பிட்டுட்டுப் போயேன்" என்கிறாள். பெண் தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்குகிறாள்.

குழந்தைகள் படிக்கிறதில் இப்படியா எழுதுவார்கள் என்று கோபம் வந்தது. என் பெண்ணுக்கு ஒருவேளை பிடித்திருக்கும். எனக்கு வேண்டாம். ஆனாலும், அவள் கேட்டதற்கு இதுதான் பதில் என்றால் தெரியாமலேயே இருந்திருக்கவும் மனசு ஒப்பவில்லை.

அந்தப் புத்தகத்தைச் சிநேகிதியிடமே கொடுத்துவிட்டேன். அவள் இப்போது மாற்றலாகி வெளியூரில் இருக்கிறாள்.

ஒன்றுதான் தெரியவில்லை. அந்தப் பெண் முங்குவதற்கு முன்னால் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாளா? அந்த இடத்தில் நான் அழுதுகொண்டிருந்தேன், காதில் விழவில்லை. "பார்த்தா, பார்த்தா" என்கிறார் இவர். சங்கடத்தை மறைக்கிற மனுஷர், எப்படி நம்புவது? சிநேகிதியைப் போனில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, அவளும் அழுவாள். அந்தக் கடைசிப் பக்கத்தைப் படித்தவர்கள் யாராவது, பார்த்து எனக்குச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் இல்லை என்றே சொல்லுங்கள்.