குட்டியும் புத்தரும்

டெல்லி துவாரகாவில் அடுக்குமாடி லிஃப்ட்டில் ஒரு பஞ்சாபிப் பெண் தன் மகனை "புத்தர்" என்று கொஞ்சினாள். நரைத்த தலையோடு நான் திரும்பிப் பார்த்தேன்.

சிறுவயதில் ஆர்.கே.புரத்தில் அம்மா பால்கனியிலிருந்து, "குட்டி, சாப்பிட வாடி!" என்று கத்துவாள். இந்திக்காரர் காதில் அது பெட்டை நாய். எதிர்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி ஒருநாள் படியேறி வந்து, கடுகெண்ணெய் மணக்க என்னை அணைத்துக்கொண்டு, "என் புத்தரைத் திட்டாதே!" என்று இந்தியில் சண்டைக்கு நின்றாள்.

"புத்தராம்! ஒரு நிமிஷம் சும்மா உக்காருவாளா இவ?" என்றாள் அம்மா.

பஞ்சாபியில் புத்தர் என்றால் பிள்ளை, தமிழில் குட்டி என்றால் செல்லம் என்று அப்பா சிரித்துக்கொண்டே இருவருக்கும் விளக்கினார். மறுநாள் சாயங்காலம் ஆன்ட்டி "குட்டி!" என்று கூப்பிட்டாள், அம்மா "புத்தர்!" என்றாள். எந்த வீட்டில் சாப்பிடுவதென்று எனக்குத்தான் குழப்பம்.

லிஃப்ட்டில் அந்தப் பையனின் கன்னத்தைத் தொட்டதும், "குட்டி" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவன் அம்மாவைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.