கால் முன்னால் பிறந்தவளின் இடுப்பு

உங்கள் இடுப்பு பிடித்துக்கொண்டால் யாரிடம் ஓடுவீர்கள்? திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர் என்றால் சவுரியம்மாளிடம் ஓடியிருப்பீர்கள். தாய் வயிற்றிலிருந்து அவளுக்குக் கால்தான் முதலில் வந்தது. அப்படிப் பிறந்தவர் மூன்று முறை உதைத்தால் பிடிப்பு விடும் என்று ஊர் நம்புகிறது. ஏழு வயதில் உதைக்க ஆரம்பித்தவளுக்கு இப்போது நாற்பத்திரண்டு.

பிடிப்பு நாலைந்து நாளில் தானாக விடும், பேர் மட்டும் தன் காலுக்கு வரும் என்பது அவளுக்கு எப்போதோ புரிந்துவிட்டது. யாரிடம் சொல்ல? போன கார்த்திகையில், நாளெல்லாம் குனிந்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கிய அவளுடைய இடுப்பே போயிற்று. ஒற்றைக் காலில் நின்று உதைக்கும்போதெல்லாம் வலி தொடை வரை சுண்டி இழுத்தது.

ஒருவருக்கும் சொல்லாமல் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினாள். அங்கே பிசியோதெரபி பார்க்கும் பிரபாவதி அவளை நடக்கவிட்டும் குனியவிட்டும் சோதித்தாள்.

"எலும்புக்கு ஒண்ணும் இல்லம்மா. தசைதான் பலம் போயிருக்கு. படுத்தே கிடந்தா இன்னும் இறுகிக்கும். மல்லாந்து படுத்து, முட்டிய மடக்கி, இடுப்பத் தூக்கித் தூக்கி இறக்குங்க. காலைல பத்து, சாயந்திரம் பத்து. கொஞ்ச நாளைக்குக் கால வீசாதீங்க."

"வீசாம இருக்க முடியாதுங்களே."

"ஏன், புட்பால் ஆடுறீங்களா?"

சவுரிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது.

ஒரு மாதத்தில் குடத்தை இடுப்பில் வைக்க முடிந்தது. அப்போதுதான் வந்தார் பெரியதம்பி, அவள் கூலிக்குப் போகும் மல்லாட்டைக் கொல்லைக்குச் சொந்தக்காரர்.

"ஏ சவுரி, ஜல்தி வா! நிமிர முடியல."

"ஐயா, என்னையே கால வீசக் கூடாதுன்னுட்டாங்க. நீங்களும் ஆஸ்பத்திரிக்குப் போங்களேன். நல்லா பயிற்சி சொல்லித் தர்றாங்க."

"எனக்கே புத்தி சொல்றியா? ஒதைக்க முடியாதுன்னா, நாளையிலேர்ந்து கொல்லைப் பக்கம் வராத."

அவர் வீட்டு வாசற்படியில் அவள் கால் பட்டால் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். அந்தக் காலுக்குத்தான் இன்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சவுரி சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது உதையில் அவள் இடுப்பில் ஏதோ வெட்டி இழுத்தது.

"ம், இப்ப தேவல," என்று அவர் போனார். அவளால் சுவரை விட முடியவில்லை.

உங்கள் ஊரிலும் இப்படி ஒருத்தி இருப்பாள். இனி அவளுக்கு முதுகைக் காட்டாதீர்கள். "உன் இடுப்பு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். கேட்டதோடு நிற்காமல், அவளைச் சிகிச்சைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.