தொப்பிக்குக் கீழே ஒரு பொட்டு

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். என் கையெழுத்து கோழி கிளறின முற்றம் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். எந்த இடத்தில் எந்த ‘ல’ போடுவது என்று இன்றைக்கும் யோசித்துத்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் நீங்களே திருத்தி வாசியுங்கள். ஆட்களோடு கதைக்க எனக்கு வெட்கம். எழுதும்போது எதிரில் ஒருவரும் இல்லை என்ற துணிவில்தான் தொடங்கினேன்.

மொன்றியலில் ஒரு விநோதம் உண்டு. இல்லாத ஒரு அணியின் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஆட்கள் திரிவார்கள். டோர்வலுக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் எப்படியும் ஒரு தலையில் அது இருக்கும். நீலமும் சிவப்பும் வெள்ளையும் சேர்ந்த பேஸ்போல் தொப்பி. வந்த புதிதில், ஏதோ பெரிய ஆட்டம் நடக்கப்போகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் வேலையிடத்தில் சொன்னார்கள், அந்த அணி நான் வருவதற்கு முன்பே அமெரிக்காவுக்குப் போய் பெயரையும் மாற்றிக்கொண்டதாம். எப்போது திரும்பி வரும் என்று கேட்டதற்கு, “அடுத்த வருசம்” என்று சொல்லிச் சிரித்தார்கள். அடுத்த வருடமும் கேட்டேன், அதே பதில். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றதும் உண்மை. இடம்பெயர்ந்து வன்னியில் கொட்டில் போட்டு இருந்த காலத்தில் ஒவ்வொரு பொங்கலுக்கும் அம்மா பானையை இறக்கிவிட்டுச் சொல்வது அதைத்தான். அடுத்த வருசம் வீட்டு முற்றத்தில பொங்கலாம்.

நான் பேஸ்போல் காட், அதுதான் ஆட்டக்காரர் படம் போட்ட அட்டை, சேர்க்கத் தொடங்கியது ஒரு மேசை லாச்சியால், இழுப்பறையால். நாங்கள் இருக்கிற வில்லரேப் பகுதியில் ஒரு வீட்டுக்காரர் இடம் மாறும்போது வாசலில் வைத்த பழைய மேசையை மகளின் படிப்புக்காகத் தூக்கி வந்தேன். லாச்சியின் அடியில் ஒரு சின்ன அட்டை ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஒரு பக்கம் மட்டை பிடித்த கறுப்பு மனிதர், தலையில் அதே தொப்பி. மறுபக்கம் முழுவதும் எண்கள். எழுத்து என்றால் எனக்குப் பயம், எண் அப்படி இல்லை. சின்ன வயதில் அப்பாவோடு வெங்காய லொறியில் போய், மூட்டையை எண்ணி எண்ணியே வளர்ந்தவன் நான். ஒவ்வொரு வருடமும் எத்தனை ஆட்டம், எத்தனை அடி என்று ஒரு மனிதனின் வாழ்க்கை முழுவதும் பிரெஞ்சும் இங்கிலீசும் இல்லாமல் எனக்கு விளங்கியது. கீழே பிறந்த ஊர் போட்டிருந்தது. ஏதோ ஒரு தீவு. பிறகு சேர்த்த அட்டைகளிலும் அதைத்தான் முதலில் பார்த்தேன். இந்த நகரத்துக்காக விளையாடியவர்களில் இந்த நகரத்தில் பிறந்தவர் என் அட்டைகளில் ஒருவரும் இல்லை. எல்லோரும் எங்கேயோ இருந்து வந்து, நெஞ்சில் மொன்றியலைக் குத்திக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு வில்லரேயில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் காட் சந்தை கூடும். நீள மேசைகளில் பெட்டி பெட்டியாக அட்டைகள். நரைத்த ஆம்பிளைகள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொன்றின் மூலையையும் பார்ப்பார்கள். மூலை மழுங்கியிருந்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். எங்கள் ஆட்கள் மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட இவ்வளவு உற்றுப் பார்ப்பதில்லை. கடைசி மேசை றேமோனுடையது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது கூட. நான் “பொன்ஜூர்” சொல்வேன், அவரும் சொல்வார், அதோடு எங்கள் பேச்சு முடியும். இரண்டு வருடம் அப்படியே போனது. ஒருநாள் அவர், நீ எந்த இடத்தில் விளையாடினாய் என்று கேட்டார். விளையாடவில்லை என்றேன். எந்த ஆட்டத்தை மறக்க முடியாது என்றார். ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை, விதிகூடத் தெரியாது என்று உள்ளதைச் சொன்னேன். அவர் பிரெஞ்சில் சொன்னதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்: “அப்ப நீ என்ன கோதாரிக்கு இதுகளைச் சேர்க்கிறாய்?” சிரித்தேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருத்தி, உப்புப்புட்டி, கோப்பி மூடி எல்லாவற்றையும் மேசையில் பரப்பி எனக்கு பேஸ்போல் படிப்பித்தார். இந்த நாட்டில் வேலை விசயம் இல்லாமல் ஒரு வெள்ளைக்காரர் என்னை இருக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை.

போன வருடம், அட்டைகளைச் செருகி வைக்கிற என் அல்பத்தில் ஒரு பக்கத்தில் ஒரேயொரு கட்டம் வெறுமையாக இருந்தது. அந்தக் கட்டத்துக்குரிய அட்டை, இன்னொரு கறுப்பு ஆட்டக்காரருடையது, றேமோனிடம் இருந்தது, ஆனால் அது விற்பதற்கு இல்லை. அவரும் தம்பியும் சின்ன வயதில் சூயிங்கம் பைக்கற்றைப் பிரித்தபோது வந்தது. யாருக்கு என்று அடிபட்டு, கடைசியில் தம்பி வைத்துக்கொண்டான். தம்பி இறந்த பிறகு இவரிடம் வந்தது. அதைக் கெட்டிப் பிளாஸ்டிக் உறையோடு என் கையில் தந்து, “ஒரு மாசம் உன்ர பக்கத்தில இருக்கட்டும். நிறைஞ்சா எப்பிடி இருக்கும் எண்டு பார். அடுத்த சந்தைக்குக் கொண்டு வா” என்றார். வீடு வரும் வரைக்கும் பஸ்ஸில் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன்.

அந்த மாதத்தில் சரஸ்வதி பூசை வந்தது. மகள் கலியாணம் செய்து கர்க்லாண்டுக்குப் போனபோது புத்தகங்களையும் கொண்டு போய்விட்டாள். பூசைக்கு வைக்க வீட்டில் புத்தகம் என்று ஒன்றும் இல்லை. நான் வேலைக்குப் போன நேரம் என் மனைவி பவானி அலுமாரியைத் துழாவியிருக்கிறாள். கனமாக, பக்கம் பக்கமாக, புத்தகம் மாதிரியே இருந்தது என் அல்பம். பின்னேரம் வந்து பார்க்கிறேன், கும்பத்துக்கு முன்னால் அல்பம், அதன் மட்டையில் சந்தனம். பரவாயில்லை, மட்டைதானே. அதற்கு மேல் றேமோனின் அட்டை, உறை இல்லாமல். தொப்பிக்குக் கீழே, இரண்டு புருவத்துக்கும் நடுவில், அளந்து வைத்த மாதிரிச் சந்தனமும் குங்குமமும்.

“ஐயோ, உறையை ஏனப்பா கழட்டினனீர்?”

“இஞ்சரப்பா, சரஸ்வதிக்கு முன்னால பிளாஸ்டிக்கால மூடியே வைக்கிறது? நீங்கள் ஒரு மாசமா அதைத்தானே எடுத்து எடுத்துப் பாக்கிறியள். படிக்கிற சாமான் எண்டுதான் பொட்டு வைச்சனான்.”

“அது வேற ஆளின்ர.”

“அப்ப அவருக்கும் புண்ணியம்.”

எடுக்கப் போன கையைத் தட்டிவிட்டாள். வைத்ததை விஜயதசமி காலைவரை தொடக்கூடாது. காலையில் சுண்டல் படைத்து எடுத்த கையோடு பஞ்சால் மெல்லத் துடைத்தேன். சந்தனம் போனது. குங்குமம் போகவில்லை, இன்னும் கொஞ்சம் பரவி, ரோசாப்பூ நிறத்தில் அந்த மனிதரின் நெற்றியில் இருந்துவிட்டது. மூலை மழுங்கினதற்கே உதட்டைப் பிதுக்குகிற ஆட்கள். பவானியும் கிட்ட வந்து பார்த்தாள். “வடிவாத்தானே இருக்கு” என்றாள், ஆனால் குரல் இறங்கிவிட்டது. அந்த ஆள் உயிரோட இருக்கிறாரோ என்று மெல்லக் கேட்டாள். படத்தில் இருக்கிற மனிதருக்குப் பொட்டு வைத்தால் ஒன்று அவர் சாமியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செத்திருக்க வேண்டும். அது அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது.

அடுத்த நாள் ஞாயிறு, சந்தை. றேமோன் உறையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். “தபர்னாக்” என்றார். இது இங்கே பெரிய தூசண வார்த்தை. தேவாலயத்தில் நற்கருணை வைக்கும் பேழையின் பெயர் அது. எங்கள் ஆட்கள் கோபத்தில் பெற்றவர்களை இழுப்பார்கள், இவர்கள் கோயில் சாமானை இழுப்பார்கள். தேவாலயத்துக்குக் கீழேயே இருந்து அதைச் சொன்னது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. தெரிந்த பிரெஞ்சை எல்லாம் கூட்டிப் பொறுக்கி, மனைவி, சாமி, புத்தகம், மரியாதை என்று உளறினேன். அவர் நிமிராமல் ஒன்றே ஒன்று கேட்டார்.

“இது செத்தவைக்கு வைக்கிறதோ, உயிரோட இருக்கிறவைக்கோ?”

“ரெண்டு பேருக்கும்” என்றேன்.

அவர் அட்டையைச் சட்டைப்பையில் வைத்தார். பெட்டிகளை ஒவ்வொன்றாக மூடினார். மண்டபத்தில் இன்னும் சனம் இருக்கும்போதே நொண்டி நொண்டிப் படியேறிப் போய்விட்டார். அடுத்த மாதம் அவருடைய இடத்தில் வேறொருவர் ஹொக்கி அட்டை விற்றுக்கொண்டு இருந்தார். அதற்கு அடுத்த மாதமும் அப்படித்தான். றேமோன் எங்கே என்று யாரிடமாவது கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. என் முகத்தில் முழிக்கப் பிடிக்காமல்தான் வரவில்லை என்று முடிவு கட்டி, பனி கொட்டும் மாரிகாலம் முழுக்க அதைச் சுமந்து திரிந்தேன். வேலையிடத்தில் விமானச் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கும்போது, ஒரு மனிதனின் தம்பியை வாங்கிக் கறையாக்கிக் கொடுத்துவிட்டேனே என்று நினைப்பேன். பவானி வடை சுட்டுக்கொண்டு தானே வந்து கதைப்பதாகச் சொன்னாள். எங்கே போய், யாரிடம், எந்தப் பாசையில் என்று கேட்டேன். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பனி கரைந்த மாதத்தில் படியால் இறங்கினேன். கடைசி மேசையில் றேமோன், பக்கத்தில் ஒரு ஊன்றுகோல்.

“எங்க போய்த் துலைஞ்சனி? என்னை ஒருக்கா வந்து பாக்கேல்ல. முழங்கால் ஒப்பரேசன் எண்டு எல்லாருக்கும் தெரியும், உனக்குத் தெரியாதோ?”

நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். அவர் சட்டைப்பையில் இருந்து அந்த உறையை எடுத்து வைத்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில் அதை நிறுத்தி வைத்திருந்தாராம். இது யார், உன் தம்பியா என்று ஒரு தாதி கேட்டாளாம். கறுப்பு மனிதர், நெற்றியில் ரோசாப் புள்ளி. ஓம் என்று சொல்லிவிட்டாராம். சொல்லிவிட்டு நன்றாகச் சிரித்தார், பிறகு மூக்கைச் சீறினார். அதன் பிறகு கீழே குனிந்து ஒரு பெட்டியைத் தூக்கினார். அதில் அந்த அணியின் மற்ற எட்டுப் பேரும் இருந்தார்கள்.

“உன்ர மனுசியிட்டைக் குடு. எல்லாருக்கும் வைக்கச் சொல்லு. ஒருத்தருக்கு வைச்சு அணி திரும்பி வராது.”

வீட்டில் கொண்டு போய்க் கொடுத்தேன். பவானி உடனே வைக்க மாட்டேன் என்றாள், நினைத்த நேரம் வைக்க அது என்ன ஸ்ரிக்கரா, சரஸ்வதி பூசை வரட்டும் என்று. இதை நான் றேமோனுக்குச் சொல்ல, கோடை முழுவதும் ஒவ்வொரு சந்தையிலும் அவர் முதல் கேள்வி, “உங்கட சாமியின்ர நாள் வந்திட்டுதோ?” என்பதுதான். “பேந்து” என்பேன், பிறகு என்று. அந்தச் சொல்லை அவரும் பழகிக்கொண்டார். இப்போது விலை பேசுகிறவர்களுக்கெல்லாம் “பேந்து” என்று சொல்லி அனுப்புகிறார்.

நேற்றுப் பூசை நடந்தது. ஒன்பது பேரும் வரிசையாகக் கும்பத்தின் முன்னால் இருந்தார்கள், எட்டுப் பேருக்குப் புதுப்பொட்டு, ஒருவருக்குப் பழையது. பழையதின் மேல் இன்னொரு தரம் வைக்கட்டோ என்று பவானி கேட்டாள். வேண்டாம், அது காணும் என்றேன். இன்று விடிய ஒவ்வொருவரையும் உறைக்குள் போட்ட பிறகு, பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குகிற நாளில் நானும் ஏதாவது எழுதத்தானே வேண்டும் என்று இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். பாதியில் வேலைக்கு நேரமாகிவிட்டது. மிச்சத்தை வந்துதான் எழுதுகிறேன்.

வாசலில் பவானி என் நெற்றியிலும் பொட்டு வைத்தாள். குளிருக்கு, கோடையில் றேமோன் எனக்குத் தந்த அந்த அணித் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பஸ் ஏறினேன். எதிரே இருந்த ஒரு முதியவர் தலையிலும் அதே தொப்பி. அவர் என் தொப்பியைப் பார்த்தார், அதற்குக் கீழே பார்த்தார், மறுபடியும் தொப்பியைப் பார்த்தார். பிறகு ஒரே ஊர்க்காரனுக்குத் தலையாட்டுவது போல ஆட்டிவிட்டு, அடுத்த வருசம் என்று பிரெஞ்சில் சொன்னார்.

“ஓம்” என்றேன். எந்தப் பாசையில் சொன்னேன் என்பது பஸ் டோர்வல் பக்கம் திரும்பும்போதுதான் ஞாபகம் வந்தது.

மொன்றியல்,
2025 ஒக்டோபர் 2, வியாழக்கிழமை, விஜயதசமி.